கேட்டதைச் சோதித்துப் பார்ப்பது எப்படி: குமரிக்காரர்களுக்கு ஒரு தொடக்க வழிகாட்டி

குமரி மாவட்டத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் கதைகளுக்குப் பஞ்சமில்லை. காந்தி மண்டபத்துக்குள் அக்டோபர் 2 அன்று மட்டும் வெயில் வந்து விழும் என்பார்கள். குமரிமுனைக்குத் தெற்கே குமரிக்கண்டம் என்று ஒரு கண்டமே மூழ்கிக் கிடக்கிறது என்பார்கள். உறைந்த தேன் கலப்படத் தேன், அந்தக் கோயில் ஆயிரம் வருஷப் பழசு, இன்றைக்கு ராத்திரி கடல் ஏறும்... காலையில் டீக்கடையில் தொடங்கி இரவு வாட்ஸ்அப் குழு அடங்கும்வரை எத்தனையோ காதில் விழுகின்றன. அவற்றில் முழு உண்மையும் உண்டு, பாதி உண்மையும் உண்டு, சுத்தப் பொய்யும் உண்டு. எது எதுவென்று பிரித்துப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். பெரிய படிப்பு வேண்டாம். ஒரு நோட்டு, ஒரு பேனா, கேட்கக் கூச்சப்படாத வாய், கொஞ்சம் பொறுமை, இவ்வளவு போதும்.

தொடங்குமுன் ஒன்று. எதைக் கேட்டாலும் "எல்லாம் பொய்" என்று கையை வீசிவிடுவது உண்மையைத் தேடுவது ஆகாது. அதற்கு எந்த உழைப்பும் தேவைப்படுவதில்லை. இங்கே சொல்லப் போவது உழைப்பைப் பற்றி.

முதல் படி: சொன்னதைத் துண்டு துண்டாக எழுதுங்கள்

"குமரிக்கண்டம் உண்மையா, பொய்யா?" என்று கேட்டால் சண்டைதான் வரும். அந்த ஒரு கேள்விக்குள் பல செய்திகள் சேர்ந்து கிடக்கின்றன. நோட்டில் தனித்தனி வரியாக எழுதிப் பாருங்கள். தென்கடல் ஒருகாலத்தில் நிலத்தை விழுங்கியது என்பது ஒரு வரி. அது மடகாஸ்கர் வரைக்கும் ஆஸ்திரேலியா வரைக்கும் நீண்ட பெருங்கண்டம் என்பது இன்னொரு வரி. மனித இனமே அங்கேதான் தோன்றியது என்பது மூன்றாவது வரி. ஒவ்வொன்றுக்கும் தனிச் சான்று வேண்டும்.

முதல் வரிக்கு அடிப்படை இருக்கிறது. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன், பனியுகம் உச்சத்தில் இருந்தபோது, உலகம் முழுவதும் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட ஏறத்தாழ 120 மீட்டர் கீழே இருந்தது. இலங்கைக்கு அப்போது நடந்தே போகலாம். நம் மீனவர்கள் மீன்பிடிக்கப் போகும் வாட்ஜ் பேங்க் திட்டிலும் ஆழம் குறைந்த இடங்கள் தரையாகக் கிடந்திருக்கும். பிறகு பனி உருகக் கடல் ஏறியது. அந்த நினைவுதான் சிலப்பதிகாரத்தில் வரும் கடல்கோள் செய்தியா என்பது வேறொரு கேள்வி. அதை நான்காவது வரியாக எழுதுங்கள்.

இரண்டாவது வரியின் பிறப்பு வேறு. 1864-இல் பிலிப் ஸ்கிளேட்டர் என்ற ஆங்கில விலங்கியலாளர் லெமூர் என்ற குரங்கு போன்ற விலங்கினத்துக்கும் மடகாஸ்கருக்கும் இந்தியாவுக்கும் உள்ள தொடர்பை விளக்க ஒரு நிலப்பரப்பு இருந்திருக்க வேண்டும் என்று ஊகித்தார். அதற்கு லெமூரியா என்று பெயர் வைத்தார். கண்டங்களே நகர்கின்றன என்று 1912-இல் வெகனர் சொன்னார். 1960-களில் கடலடி ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தின. இந்தியாவும் மடகாஸ்கரும் ஒட்டியிருந்து பிரிந்தவை என்று தெரிந்ததும் நடுவில் ஒரு கண்டம் மூழ்க வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. ஆழ்கடலின் அடியில் இருப்பதும் பெரும்பாலும் எரிமலைக் குழம்பு இறுகிய பாறை, மூழ்கிய பெருங்கண்டத்தின் பாறை அங்கே இல்லை. மூன்றாவது வரியைப் பொறுத்தவரை, மனித இனத்தின் மிகப் பழைய எலும்புகள் ஆப்பிரிக்காவில் கிடைத்திருக்கின்றன.

தமிழ்மேல் பற்று உள்ளவர்கள் இதைப் படித்து மனம் நோக வேண்டியதில்லை. ஆதிச்சநல்லூரில் தோண்டி எடுத்ததும் பாறைகளில் வெட்டிய தமிழி (தமிழ் பிராமி) எழுத்துக் கல்வெட்டுகளும் கண்ணுக்கு முன்னால் இருக்கின்றன. தமிழின் பழமைக்கு இல்லாத கண்டத்தின் துணை எதற்கு?

இரண்டாம் படி: எப்படித் தெரியும் என்று கேளுங்கள்

ஒருவர் ஒன்றைச் சொல்கிறார். அது அவர் கண்டதா, இன்னொருவர் சொல்லிக் கேட்டதா, தானாக யோசித்துச் சேர்த்துக்கொண்டதா? இந்த மூன்றில் எது என்று தெரிந்தாலே பாதி வேலை முடிந்தது. கேட்கும் விதம் முக்கியம். "சும்மா அளக்காதீங்க" என்று சொன்னால் வாய் மூடிவிடும். "அண்ணாச்சி, இது நீங்க நேர்ல கண்டதா, யாரும் சொல்லிக் கேட்டதா?" என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் யோசித்து நேர்மையாகவே பதில் சொல்கிறார்கள். வீட்டில் பெரியவர்களிடம், "மாமா, இது எங்க வந்தது? நானும் ஒண்ணு வாசிச்சுப் பாக்கட்டா?" என்றால் போதும். மரியாதை குறையாது, கேள்வியும் குறையாது.

ஆளை வைத்து முழுவதும் நம்புவதும் முழுவதும் தள்ளுவதும் வேண்டாம். நாற்பது வருஷம் கடலுக்குப் போனவர் காற்றையும் நீரோட்டத்தையும் பற்றிச் சொன்னால் காது கொடுத்துக் கேளுங்கள், அது அவர் உடம்பால் கற்றது. அதே மனிதர் முள்சீத்தாப் பழம் தின்றால் புற்றுநோய் போய்விடும் என்றால், அது அவருக்கும் யாரோ அனுப்பியது. ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் கிண்ணத்துக்குள் இருக்கும் செல்களில் அந்தச் செடியின் சாறு ஏதோ செய்திருக்கிறது. மனிதர்களில் நோயைக் குணப்படுத்தியதாக நிரூபணம் இல்லை. திருவனந்தபுரம் ஆர்.சி.சி. புற்றுநோய் மருத்துவமனைக்கு ஆரம்பத்திலேயே போயிருந்தால் பிழைத்திருக்கக்கூடியவர்கள் இப்படிப்பட்ட வைத்தியத்தில் மாதங்களை இழக்கிறார்கள். இதில் எனக்குக் கோபம் உண்டு, மறைக்க விரும்பவில்லை.

சொல்பவருக்கு அதில் என்ன ஆதாயம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் ஆதாயம் இருப்பதாலேயே சொன்னது பொய்யாகிவிடாது. கனிமங்களுக்காகத் தோண்டப்படும் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலை எடுத்துக்கொள்வோம். அதில் மோனசைட் என்ற கனிமம் இருப்பதும், மோனசைட்டில் கதிர்வீசும் தோரியம் இருப்பதும், அதனால் அந்தக் கடலோரத்தில் இயற்கைக் கதிர்வீச்சு கூடுதலாக இருப்பதும் உறுதியான செய்திகள். புற்றுநோய் கூடுகிறதா என்பது அடுத்த கேள்வி. கேரளத்தில் கருநாகப்பள்ளியில் இதே வகை மணல் உள்ள கரையில் நீண்டகாலம் மக்களைப் பின்தொடர்ந்து ஆய்ந்து 2009-இல் வெளியிட்டார்கள். அங்கே இயற்கைக் கதிர்வீச்சால் புற்றுநோய் கூடியதாகத் தெரியவில்லை. மணல் எடுக்க ஆதரவு சொல்பவர்கள் இதைக் காட்டுவார்கள். ஆனால் அந்த ஆய்வு பேசுவது கிடக்கிற மணலைப் பற்றி. கரையைத் தோண்டினால் கடல் எவ்வளவு உள்ளே வரும், கிணற்றுத் தண்ணீர் என்னாகும் என்பதற்கு அதில் விடை இல்லை. எதிர்ப்பவர்கள் புற்றுநோயை மட்டுமே பேசினால் பலமான கேள்விகள் பின்னால் போய்விடுகின்றன. இரண்டு பக்கமும் கேட்க வேண்டியது இதுதான்: எந்த ஆய்வு, எந்த ஊரில், எதை அளந்தது?

மூன்றாம் படி: பொய்யாக இருந்தால் எதில் தெரியும்?

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதானால் இந்தப் படியை எடுத்துக்கொள்ளுங்கள்.

சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலில் முற்காலத்தில் கைமுக்கு என்றொரு விசாரணை நடந்தது. ஒழுக்கக் குற்றம் சாட்டப்பட்ட நம்பூதிரி கொதிக்கும் நெய்யில் கையை முக்க வேண்டும். கை வெந்துபோனால் குற்றவாளி, வேகாவிட்டால் நிரபராதி. திருவிதாங்கூரை 1829 முதல் 1846 வரை ஆண்ட சுவாதித் திருநாள் காலத்தில் அது நிறுத்தப்பட்டது. அதன் கொடுமை எல்லோருக்கும் தெரியும். சோதனை என்ற கணக்கிலும் அதைப் பாருங்கள். கொதிக்கும் நெய் குற்றம் செய்தவன் கையையும் வேக வைக்கும், செய்யாதவன் கையையும் வேக வைக்கும். உண்மைக்கும் பொய்க்கும் ஒரே விடை தருகிற சோதனை எத்தனை புனிதமான இடத்தில் நடந்தாலும், எத்தனை பேர் சாட்சி நின்றாலும், அதிலிருந்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியாது.

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். மார்த்தாண்டம் பக்கம் தேன் வாங்குகிறவர்கள் செய்யும் சோதனைகள் பல உண்டு. டம்ளர் தண்ணீரில் ஒரு துளி விட்டால் கரையாமல் அடியில் போய்த் தங்க வேண்டும். பஞ்சுத்திரியை நனைத்துப் பற்றவைத்தால் எரிய வேண்டும். எறும்பு மொய்க்கக் கூடாது. உறையக் கூடாது.

ஒரு சாயங்காலம் இதைச் செய்து பாருங்கள். அரை டம்ளர் சர்க்கரையில் கொஞ்சம் தண்ணீர் விட்டு அடுப்பில் வைத்துக் கம்பிப் பதம் வரும்வரை பாகு காய்ச்சி ஆறவிடுங்கள். இரண்டு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் எடுத்து, ஒன்றில் உங்களுக்கு நம்பிக்கையான தேனையும் இன்னொன்றில் அந்தப் பாகையும் சொட்டுச் சொட்டாக விடுங்கள். பாகும் நூல் நூலாக இறங்கி அடியில் போய் உட்காரும். எது எந்த டம்ளர் என்று தெரியாத ஒருவரைக் கூப்பிட்டு, நிறத்தைக் கணக்கில் எடுக்காமல், கரைந்ததா அடியில் தங்கியதா என்பதை மட்டும் பார்த்து, எது தேன் என்று சொல்லச் சொல்லுங்கள். தண்ணீராக இருக்கும் பாகை இந்தச் சோதனை காட்டிக்கொடுக்கும், கட்டிப் பாகைக் காட்டிக்கொடுக்காது. திரிச் சோதனை தேனில் எவ்வளவு ஈரம் என்பதைத்தான் பார்க்கிறது. ஈரம் கூடின நல்ல தேன் படபடவென்று பொரியும், ஈரம் வற்றிய கலப்படம் நன்றாக எரியும். எறும்புக்கு இனிப்புதான் கணக்கு, அசல் தேனையும் அது விடாது.

உறைவதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதனால் நம் தேனீ வளர்ப்பவர்கள் நஷ்டப்படுகிறார்கள். இந்த மாவட்டத்துத் தேனில் பெரும்பங்கு ரப்பர் தோட்டங்களிலிருந்து வருகிறது. ஜனவரியிலிருந்து மார்ச் வரை ரப்பர் தளிர்க்கும்போது இலைக்காம்பில் உள்ள சுரப்பிகளில் ஊறும் மதுவைத்தான் தேனீ எடுக்கிறது, பூவில் எடுப்பது குறைவு. இந்தத் தேன் சீக்கிரம் உறையும் தன்மை உள்ளது. அசல் தேன் உறைவது இயல்பு. குப்பியை இளஞ்சூட்டு வெந்நீரில் வைத்தால் பழையபடி இளகும். உறைந்ததைப் பார்த்து "சர்க்கரை கலந்துட்டான்" என்று திருப்பிக் கொடுப்பவர் நல்ல தேனைத் திருப்பிக் கொடுக்கிறார்.

உறுதியாகத் தெரிய வேண்டுமானால் ஆய்வுக்கூடம்தான் வழி. உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2006-இன் 40-ஆம் பிரிவின்படி, பொருளை வாங்கியவரே கட்டணம் கட்டி அதைப் பகுப்பாய்வுக்கு அனுப்பலாம், விற்பவருக்கு அதை வாங்கும்போதே தெரிவித்துவிட வேண்டும். உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் கேட்டால் நடைமுறையைச் சொல்வார்.

ஆகவே எந்தச் சோதனையைப் பார்த்தாலும், எந்த ஆதாரத்தைக் காட்டினாலும் கேளுங்கள்: இந்தச் செய்தி பொய்யாக இருந்திருந்தால், இந்த ஆதாரம் வேறு மாதிரி இருந்திருக்குமா? இருந்திருக்காது என்றால் அது ஆதாரம் இல்லை.

நான்காம் படி: அளக்க முடிந்ததை நீங்களே அளந்து பாருங்கள்

காந்தி மண்டபத்துக்குப் போவோம். காந்தியின் அஸ்தி வைத்திருந்த இடத்தில் அக்டோபர் 2 அன்று உச்சி வேளையில் கூரைத் துவாரம் வழியாக வெயில் விழும்படி 1956-இல் கட்டி முடித்திருக்கிறார்கள். அது உண்மை, நல்ல கணக்கு, கட்டியவர்களுக்கு வணக்கம். ஆனால் வழிகாட்டிகளும் பேருந்தில் வரும் ஆசிரியர்களும் "அன்று மட்டும்" என்று ஒரு சொல் சேர்க்கிறார்கள். அதைச் சோதிப்போம்.

கன்னியாகுமரி நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 8 டிகிரிக்குச் சற்று மேல் இருக்கிறது. அக்டோபர் 2 அன்று சூரியன் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே மூன்றரை டிகிரி அளவில் இருக்கும். ஆகவே உச்சி வேளையில் அது நம் தலைக்கு நேர்மேலிருந்து பதினொன்றரை டிகிரி போலத் தெற்கே சாய்ந்து நிற்கும். அங்கிருந்து டிசம்பர் 21, 22 வரை இன்னும் தெற்கே போய், திரும்பி வடக்கே வரும். வரும் வழியில் அதே மூன்றரை டிகிரியை மறுபடி கடந்துதானே ஆக வேண்டும்? மார்ச் 11, 12-ஐ ஒட்டி அது கடக்கிறது. கணக்குப்படி அன்றும் வெயில் அதே இடத்தில் விழ வேண்டும். இன்னொன்று, அந்தக் காலத்தில் சூரியன் ஒரு நாளைக்கு நகர்வது அதன் சொந்த அகலத்தைவிடக் குறைவு. எனவே அக்டோபர் 1-இலும் 3-இலும் விழும் வெயில், 2-இல் விழும் இடத்தை ஓரளவாவது தொடும்.

நேரம் மட்டும் மாறும். இந்திய நேரம் 82.5 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகைக்கு வைத்தது, கன்னியாகுமரி 77.5 டிகிரியில் இருக்கிறது, ஆகவே நமக்கு உச்சி வேளை கடிகாரத்தின் 12 மணிக்கு வருவதில்லை. அக்டோபர் 2-இல் சுமார் 12:09, மார்ச் 11-இல் சுமார் 12:30. நான் சொல்வது கணக்கு. கணக்கையும் சோதிக்க வேண்டும். மார்ச் இரண்டாம் வாரம் பன்னிரண்டேகாலுக்குப் போய் நின்று, வெளிச்சம் எந்த நிமிடத்தில் எங்கே விழுகிறது என்று குறித்துக்கொண்டு வாருங்கள். என் கணக்கு தப்பினால் நோட்டில் அப்படியே எழுதுங்கள்.

ஐந்தாம் படி: எண்ணையும் ஆண்டையும் அவிழ்த்துப் பாருங்கள்

இது விரைவில் பழகிவிடும். வள்ளுவர் சிலை 133 அடி என்கிறார்கள். பீடம் 38 அடி, சிலை 95 அடி, சேர்ந்து 133. காந்தி மண்டபத்தின் உயரம் 79 அடி, அது காந்தி வாழ்ந்த வயது என்கிறார்கள். 1869 அக்டோபர் 2-இல் பிறந்தவர், 1948 ஜனவரி 30-இல் கொல்லப்பட்டார், 78 வயது முடிந்து 79 நடந்துகொண்டிருந்தது. இந்தியாவின் தென்கோடி கன்னியாகுமரி என்றால், தீவுகளைச் சேர்க்காத நிலப்பகுதிக்கு அது சரி. முழு இந்தியாவுக்கும் தென்கோடி கிரேட் நிகோபாரில் உள்ள இந்திரா முனை. "ஆசியாவிலேயே பெரியது" என்று எதைச் சொன்னாலும், ஆசியா முழுவதையும் அளந்த பட்டியல் எங்கே என்று கேளுங்கள். பத்து இணையதளங்களில் ஒரே வாக்கியம் எழுத்து மாறாமல் இருந்தால் அது பத்துச் சாட்சி ஆகாது, ஒரே ஆளைப் பார்த்து ஒன்பது பேர் எழுதியது.

ஆண்டு விஷயத்தில் நம் மாவட்டத்துக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. 1956 நவம்பர் 1 வரை நாம் திருவிதாங்கூரின் பக்கம் இருந்தவர்கள். பழைய கல்வெட்டு, கிணற்றுக் கல், பள்ளிக்கூட வாசல், ஆதாரப் பத்திரம் எல்லாவற்றிலும் அங்கே வழங்கிய கொல்லம் ஆண்டுக் கணக்கு வரும். கல்லில் 1084 என்று கண்டு "கி.பி. 1084, சோழர் காலம்" என்று சொல்பவர்கள் உண்டு. கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறக்கிறது. ஆவணியிலிருந்து டிசம்பர் வரையான தேதிக்கு 824-உம், ஜனவரியிலிருந்து ஆடி வரையான தேதிக்கு 825-உம் கூட்டுங்கள். 1084 என்பது 1908-1909. ஆயிரம் வருஷப் பழமை ஒரே கூட்டலில் நூற்றுச் சில்லறை வருஷமாகிவிடும்.

ஆறாம் படி: யார் எண்ணினார்கள், யாரை விட்டுவிட்டார்கள்?

2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் அடித்தபோது, தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, பூத்துறை, நீரோடி ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குப் போன விசைப்படகுகள் பல நாட்களுக்கு முன்பே கரையை விட்டிருந்தன. எத்தனை பேர் திரும்பவில்லை என்பதில் அரசு முதலில் சொன்ன எண்ணிக்கையும் ஊர்கள் சொன்ன எண்ணிக்கையும் பெரிதும் வேறுபட்டன. படகு எங்கே பதிவானது, அதில் வெளியூர்த் தொழிலாளி எத்தனை பேர், லட்சத்தீவிலும் கர்நாடகத்திலும் மகாராஷ்டிரத்திலும் கரையேறியவர்கள் யார் யார் என்பதெல்லாம் தெரிந்தால்தான் எண் சரியாகும். அந்த நாட்களில் தேவாலயப் பங்குகளில் பெயர் பெயராக, எந்தப் படகு, யார் மகன், எப்போது கடைசியாகப் பேசினார் என்று எழுதிய பட்டியல்கள்தான் வலுவாக நின்றன. எண்ணை எதிர்த்து இன்னோர் எண்ணைச் சொன்னால் வாக்குவாதம் மட்டுமே நடக்கும். பெயர்ப் பட்டியலை நீட்டினால் எந்த அதிகாரியும் ஒவ்வொரு பெயருக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். உங்கள் ஊரில் எந்தக் கணக்கைச் சோதிப்பதானாலும், முதியோர் உதவித்தொகையோ குடிநீர் இணைப்போ, பெயர்ப் பட்டியல் கேளுங்கள்.

அரசிடம் இருக்கும் தாளைப் பார்க்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 இருக்கிறது. வெள்ளைத் தாளில் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதி, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் மேல்முறையீடு. "ஏன் செய்யவில்லை?" என்று எழுதினால் நழுவிவிடுவார்கள். "இந்தச் சாலைக்கான அளவைப் புத்தகத்தின் நகல் தேவை" என்று ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். நிலத் தகராறு என்றால் பெரியப்பா சொன்னார், சித்தப்பா சொன்னார் என்பதை ஓரமாக வைத்துவிட்டு வில்லங்கச் சான்று போடுங்கள். பழைய ஆதாரப் பத்திரம் மலையாளத்தில் இருந்தால் வாசிக்கத் தெரிந்த இரண்டு பேரிடம் தனித்தனியாக வாசிக்கச் சொல்லிக் கேட்டு ஒப்பிடுங்கள்.

ஏழாம் படி: "காலங்காலமாக இப்படித்தான்" என்றால்

இந்த மண்ணில் இந்தச் சொல்லை வைத்துத்தான் ஒரு காலத்தில் நாடார் பெண்கள் மாராப்புப் போடக்கூடாது என்றார்கள். வழக்கம், முறை, தெய்வ நியதி என்றார்கள். 1820-களிலிருந்து அந்தப் பெண்கள் அடி வாங்கிக்கொண்டே அதை மீறினார்கள். 1859-இல் திருவிதாங்கூர் அரசு உரிமையை அறிவிக்க வேண்டி வந்தது. அதே காலத்தில் சுவாமித்தோப்பில் வைகுண்டர் தலைப்பாகை கட்டச் சொன்னார். குனிந்தே பழகியவர்களை நிமிர வைத்தார், அதற்காகச் சிறையும் போனார். அங்கே இன்றும் கருவறையான பள்ளியறையில் சிலைக்குப் பதில் கண்ணாடிதான் இருக்கிறது.

ஆகவே வழக்கம் என்று சொல்லப்படும் எதையும் கேளுங்கள்: எப்போதிருந்து? யாருக்கு மட்டும்? இதனால் யாருக்கு வசதி, யாருக்குக் கஷ்டம்? பல வழக்கங்கள் இந்தக் கேள்விகளைத் தாங்கி நிற்கும், அவற்றை மனமார வைத்துக்கொள்ளலாம். கேள்வி கேட்கவே கூடாது என்று ஒருவர் சொல்லும் இடத்தில் கூடுதலாக ஒரு கேள்வி கேளுங்கள்.

எட்டாம் படி: சோதிக்க நேரமில்லாதபோது

2004 டிசம்பர் 26-இன் சுனாமியில் கொட்டில்பாடும் குளச்சலும் மணக்குடியும் இழந்தவர்களை இன்னும் நினைத்துக்கொண்டிருக்கின்றன. அதற்கு நான்கு நாள் கழித்து, டிசம்பர் 30-இல், மறுபடி சுனாமி வரலாம் என்று மத்திய உள்துறை அமைச்சகமே எச்சரிக்கை விட்டது. கடலோரங்களில் மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஒன்றும் வரவில்லை, அடிப்படையில்லாத எச்சரிக்கை என்று பிறகு தெரிந்தது. அப்போது இந்தியாவுக்கென்று சுனாமி எச்சரிக்கை மையம் கிடையாது. 2007-இல் ஹைதராபாத்தில் இன்காய்ஸ் என்ற கடல் தகவல் நிறுவனத்தில் அது தொடங்கியது.

அப்படியானால் அன்று ஓடியது தவறா? இல்லை. இங்கே கணக்கு வேறு. வீணாக ஓடினால் ஓர் இரவுத் தூக்கம் போகும். ஓட வேண்டிய நேரத்தில் நின்று யோசித்தால் உயிர் போகும். இரண்டு தவறுகளின் விலை சமமாக இல்லாதபோது, மலிவான தவறைச் செய்யுங்கள். உறுதிப்படுத்துவதை மேட்டில் ஏறி நின்றுகொண்டு செய்யலாம்.

கள்ளக்கடலுக்கு இது முழுவதும் பொருந்தும். வானம் தெளிவாக இருக்கும், காற்று இருக்காது. பல ஆயிரம் கிலோமீட்டர் தெற்கே, இந்தியப் பெருங்கடலின் கீழ்ப்பகுதியில் அடித்த புயலின் அலை நாட்கணக்காகப் பயணம் செய்து வந்து நம் கரையில் திடீரென்று ஏறும். கண்ணால் பார்த்துச் சோதிப்பவர் ஏமாந்துபோகும் இடம் இது. 2024 மே 6 அன்று கணபதிபுரம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் சிக்கி இறந்தார்கள். கள்ளக்கடல் எச்சரிக்கை அதற்கு முன்பே வந்திருந்தது. எச்சரிக்கையைக் கேட்டு அமைதியான கடலைப் பார்த்து "ஒண்ணும் இல்ல" என்று சொல்வது கேள்வி கேட்பது ஆகாது, நம் கண்ணையே கேள்வி கேட்காமல் விட்டது.

இந்த எண்களைக் கைப்பேசியில் பதிந்து வையுங்கள்: மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலம் 1070, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093. "கடல் ஏறுது" என்று குரல்பதிவு வந்தால் முதலில் கரையை விட்டு விலகுங்கள், அடுத்து 1077-ஐக் கூப்பிடுங்கள், அதன் பிறகு குழுவில் போடுவதா என்று பாருங்கள்.

கண்டுபிடித்ததைத் திருப்பிச் சொல்வது

சோதித்துப் பார்த்து ஒன்று தவறென்று தெரிந்தால் குடும்பக் குழுவில் எல்லார் முன்னாலும் பெரியவரின் பெயரைச் சொல்லித் திருத்தாதீர்கள். அவருக்குத் தனியாக அனுப்புங்கள்: "பெரியம்மா, நீங்க போட்ட அந்த மருந்துச் செய்தியைப் பத்தி ஆஸ்பத்திரியில கேட்டேன், இப்பிடிச் சொன்னாங்க." திருத்தத்தை அவரே குழுவில் போட்டால் நீங்கள் போடுவதைவிட நாலு பேர் கூடுதலாக நம்புவார்கள்.

நோட்டில் மேலிருந்து கீழாகக் கோடு போட்டு மூன்று பத்தி பிரித்துக்கொள்ளுங்கள்: சரி, தவறு, இன்னும் தெரியாது. மூன்றாவது பத்திதான் நிறையும், அதில் வெட்கம் எதுவும் இல்லை. ஒவ்வொன்றுக்கும் எதிரே, எதைப் பார்த்தால் உங்கள் முடிவை மாற்றிக்கொள்வீர்கள் என்று ஒரு வரி எழுதி வையுங்கள். அந்த வரி எழுத வரவில்லை என்றால் மூன்றாம் படிக்குத் திரும்புங்கள்.

முதல் பயிற்சிக்கு எளிதான ஒன்று. சித்ரா பௌர்ணமி அன்று மட்டும்தான் கன்னியாகுமரியில் சூரியன் மறைவதையும் நிலா எழுவதையும் ஒரே நேரத்தில் பார்க்கலாம் என்று சொல்கிறார்கள். பௌர்ணமி என்றாலே நிலா சூரியனுக்கு நேர் எதிரே நிற்கிற நாள். அடுத்து வரும் பௌர்ணமிக்கு, அது எந்த மாதமானாலும், மேகம் இல்லாவிட்டால் மொட்டை மாடிக்கோ கடற்கரைக்கோ போங்கள். சூரியன் மறைந்த நேரம், நிலா தெரிந்த நேரம், நின்ற இடம், சூரியன் கடலில் மறைந்ததா கரைக்கு மேலே மறைந்ததா என்று நான்கையும் எழுதுங்கள். சித்திரையிலும் அதே இடத்தில் நின்று எழுதி, இரண்டு பக்கங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.